பெட்டிக்கொரு கிளாஸ்

லண்டனில் அக்காவுக்குப் பிள்ளை பிறக்கவிருந்தது. துணைக்கு அங்கே வேறு ஆளில்லை. விசா என் கையில் இருந்தது. வெள்ளவத்தையில் நான் வேலை செய்த மென்பொருள் கம்பனியின் முதலாளிதான் லீவு தரவில்லை. வேலையை விட்டெறியவும் வழியில்லை. வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

"உங்கட கோட் விளங்கிற ஆளொன்றை வச்சிட்டுப் போங்கோ பிள்ளை," என்றார்.

என்னுடைய கோடா அது! கொன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒருகொடவத்தை யார்டொன்றுக்காக எனக்கு முன்பிருந்தவர் லிஸ்ப் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் கோடில் தனியாக எழுதிவைக்கும் வார்ப்புத்தான் கிளாஸ்; மனிதருக்கு அதில் அப்படியொரு ஆசை. குளிரூட்டிய பெட்டிக்கு ஒரு கிளாஸ், காலிப் பெட்டிக்கு ஒன்று, குளிரூட்டிய காலிப் பெட்டிக்கு இரண்டுக்கும் பிறந்த இன்னொன்று. எழுதிவைத்துவிட்டு ஆள் மெல்பேர்னுக்குப் பறந்துவிட்டார். அகப்பட்டுக்கொண்டது நான்.

புதிதாக வேலைக்கு வந்த ஹட்டன்காரியிடம் அதைக் காட்டினேன். "தலையும் புரியல, வாலும் புரியலக்கா," என்று கண் கலங்கினாள்.

எரிச்சலில் கிளாஸ்களைப் பிய்த்தெறியத் தொடங்கினேன். இன்று நிறைந்திருக்கும் பெட்டி நாளை காலியாகும்; அதற்கெதற்குக் கிளாஸ்? ஒரு லிஸ்டும் அதைப் பார்த்துக் கணக்கிடும் சாதாரண ஃபங்ஷனும் போதும். பெட்டியைத் தூக்கும் இடத்தில் மட்டும் கிளாஸ்களை விட்டுவைத்தேன். எப்படித் தூக்குவது என்பது பெட்டியின் வகையையும் தூக்கும் இயந்திரத்தின் வகையையும் சேர்த்துப் பார்த்தே முடிவாகும். அந்தச் செய்முறையைச் சொல்லும் மெதட் லிஸ்பில் எந்தவொரு கிளாஸுக்கும் சொந்தமில்லை, இரண்டையும் பார்த்தே தேர்வாகும். புது இயந்திரம் வந்தால் பழையதைத் தொடாமல் ஒரு மெதட்டைச் சேர்த்தால் சரி. வகைகள் பெருகுகிற இப்படியான இடத்துக்குத்தான் கிளாஸ். மற்ற இடங்களில் அது வீண் சுமை.

ஹட்டன்காரி ஒரே காலையில் முழுவதையும் வாசித்து முடித்தாள். "இப்ப வெளங்குதுக்கா!" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இவ்வளவு லேசாக்கிப்போட்டீங்களே! இனி இதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? இவவை மற்ற புரொஜெக்டுக்கு அனுப்புவம். களனியில ஒரு யார்டும் இப்படியொன்று கேட்டவங்கள், அதையும் நீங்களே பாருங்கோ."

"அப்ப என்ட லீவு?"

"பாப்பம் பிள்ளை."

ஹட்டன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கதிரையைத் தூக்கி அடிக்கலாம் போலிருந்தது. "சரி" என்றுதான் சொன்னேன்.

பிள்ளை பிறந்த அன்று நான் களனி வேலையில் இருந்தேன். அக்கா ஃபோன் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆர் கூட வந்தது என்று கேட்டேன்.

"டாக்ஸிக்காரன் வாசல்மட்டும் வந்தவன்," என்றாள்.