மறந்துவிட்டதாக அவர் சொன்னது

இதை யாரிடம் சொல்லவேண்டுமோ அந்த இருவரும் இப்போது இல்லை. ஆகவே இதைத் துணிச்சல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அத்தை போய் மூன்று வருடமாகிறது. அத்தைக்கு வரனாக வந்த அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. ராஜபாளையத்தில் அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. பின்சீட்டுக்கு முன்னால் தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அப்பாவின் தங்கையான என் அத்தை எப்போதும் அந்த ஓட்டையின் பக்கமாகத்தான் உட்காருவாள். காலடியில் ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வரலாமாம். மழை நாளில் சேலைக்கரை முழுக்கச் சேறாகிவிடும். அதற்கும் சிரிப்பாள்.

அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. வந்த வரன்கள் ஜாதகத்தாலோ வேறு காரணத்தாலோ தட்டிப்போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. கூமாப்பட்டியிலிருந்து தூரத்து உறவில் ஒரு வரன் வந்தது. பட்டாளத்தில் பத்து வருடம் வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் வெல்டிங் பட்டறை போட்டிருந்தவர். அவர் பெண்பார்த்துவிட்டுப் போன அன்று அத்தை தானாகவே அம்மாவிடம், "சரின்னு சொல்லிருங்க மதினி" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னதாக அம்மா அதை வெகுநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசுவதற்கு முன் அந்த ஆளின் தொழிலைப் பார்த்துவிட வேண்டும். முன்பு ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகன் வரனாக வந்தபோது, அந்தக் கடையில் வேட்டி வாங்கி வந்து முழம் போட்டுப் பார்த்து, அரை முழம் குறைகிறது என்று வேண்டாமென்றவர் அவர். ஆகவே அம்பாசிடரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

"மாப்ளே, தரையை மட்டும் அடைச்சுக் குடுங்க. பய இங்கனயே கெடக்கட்டும், சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறினார்.

நிச்சயம் ஆகுமுன்பே 'மாப்ளே' என்று அழைத்துவிட்டார். அவரும் கூச்சப்படாமல், "சரி மச்சான்" என்றார். எனக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. கார் மூடியைத் தூக்கி, பேட்டரியிலிருந்து வயரைக் கழற்றி, நுனியில் துணி சுற்றி ஓரமாக வைத்தார்.

"மருமகனே, இதக் கழட்டாம வெல்டு வைக்கக் கூடாது. பட்டாளத்துல இதுக்குன்னு தனியா அடி விழும்."

"நீங்க வாங்கியிருக்கீங்களா மாமா?"

"வாங்காமலா சொல்றேன்?"

மத்தியானம் அவர் சைக்கிளில் சாப்பிடப் போனார். நான் தூக்குவாளியில் கொண்டுபோயிருந்த சோற்றைத் தின்றுவிட்டுத் தனியாக இருந்தேன். காரில் ரேடியோ இருந்தது. அன்று கிரிக்கெட் வர்ணனை. துணியை அவிழ்த்து, வயரைப் பேட்டரியில் அழுத்தி மாட்டினேன்; ரேடியோ பாடியது. முக்கால் மணி நேரம் கேட்டிருப்பேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் ரேடியோவை அணைத்து, ஓடிப்போய் மூடியை இறக்கிவிட்டேன். வயரைக் கழற்ற நேரமில்லை. கழற்ற மறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சந்தோஷத்தில் அவரிடம் ஸ்கோரையும் சொன்னேன். "அம்புட்டுத்தானா? யாரு அவுட்டு?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியை முகத்தில் இறக்கினார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் நீல வெளிச்சம் பளிச்சிட்டது. பட்டறை முழுக்க ஏற்கெனவே புகையும் கருகல் நாற்றமும். அதில் எது எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? வேலை முடிந்ததும் முந்திக்கொண்டு, "நான் வயரை மாட்டிட்டேன் மாமா" என்றேன். "கெட்டிக்காரன்" என்று முதுகில் தட்டினார்.

தகடு அழகாக அடைபட்டிருந்தது. வெல்டு வைத்த தடமே தெரியவில்லை என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். ராஜபாளையம் வந்து கடைத்தெருவிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டார். ஹாரன் விட்டுவிட்டு அடித்தது. பிரேக்கை மிதித்தார்; முன்விளக்கு எரிந்தது. தெருவே நின்று பார்த்தது. வாசலுக்கு ஓடிவந்த அத்தைதான் முதலில் சிரித்தாள். பிறகு டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவிலேயே இருந்த தெலுங்குக்கார எலெக்ட்ரீஷியன் வந்தார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வண்டி கச்சேரிக்குப் போயிட்டு வந்திருக்கு. எதைத் தொட்டாலும் வேற ஒண்ணு பாடுது."

பின்சீட்டைத் தூக்கி, தரையோரமாக ஓடிய வயர்க்கட்டைப் பிரித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வெல்டு வைத்த இடத்தில் வயரின் மேலுறை உருகியிருந்தது. அது வழக்கம்தானாம், ஒரு சாண் வயர் மாற்றினால் போதும். ஆனால் கட்டு முழுவதும் டேஷ்போர்டு வரை வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. "பேட்டரியைக் கழட்டாம சுட்டிருக்காக. கரண்டு இல்லேன்னா இம்புட்டுத் தூரம் வேகாது" என்றார்.

ஆள் அனுப்பியதும் பட்டறைக்காரர் வந்துவிட்டார். அப்பா கேட்டார். அவர் யோசிக்கவே இல்லை.

"கழட்டினேன் மச்சான். என் கையால கழட்டினேன்."

எலெக்ட்ரீஷியன் வெந்த வயரை எடுத்துக் காட்டினார். பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செத்த பொறுங்க" என்று சொல்லிவிட்டு, என்னைத் தறிக்கூடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தறிச் சத்தத்தில் குனிந்து என் காதருகே பேசினார்.

"மருமகனே, நேத்து ஸ்கோரு சொன்னியே. எங்க கேட்ட?"

"எதுத்தாப்ல டீக்கடையில."

"அந்தக் கடை பூட்டி ஒரு மாசம் ஆச்சே."

 அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் தெரிந்திருக்கும். தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.  நேராக அப்பாவிடம் போனார்.

"மறந்துட்டேன் போலருக்கு மச்சான். நான் கழட்டலை. என் தப்புதான். புது வயர் நானே போட்டுத் தாரேன்."

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான கையால கழட்டினேன்னிய?"

அவர் வெந்த வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"வேலையில தப்பு வரும் தம்பி. அதப் பத்தி ஒண்ணுமில்ல. நிமிசத்துக்கு நிமிசம் வாய் மாறக் கூடாதுல்ல?"

'மாப்ளே' தம்பியாகிவிட்டிருந்தார். அவரும் அதன்பின் 'மச்சான்' என்று சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து இரண்டு நாளில் முன்னிருந்து பின்வரை வயர் மாற்றினார். எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. சாப்பிடக் கூப்பிட்டபோது, "பட்டறையில வேலை கெடக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கோ பெரிய நிம்மதி. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது. ஒரு பெரிய மனிதர், அதுவும் பட்டாளத்துக்காரர், தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு நான் எப்படிக் குற்றவாளியாக முடியும்? அவர் கழற்றியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். துணியை என் விரலால் அவிழ்த்திருந்தேன். இருந்தும் இரண்டே நாளில் அவர் உண்மையிலேயே மறந்திருப்பார் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவர் வேலை முடித்துப் போன மறுநாள் சாயங்காலம் அத்தை தறிக்கூடத்தில் துணிச்சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீ அங்கனதானலே இருந்த. அவிய வயரைக் கழட்டினாகளா, இல்லையா?"

"கழட்டல அத்தை. நான்தான் பார்த்தேன்ல."

"நெசமா?"

"ஆண்டாள் சத்தியமா."

அவள் கை ஒரு சுருளின் மேல் அப்படியே நின்றது. பிறகு, "சரி, நீ போய் வெளாடு" என்றாள். நான் போய் விளையாடினேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. இரண்டு வருடம் கழித்து அத்தையைச் சங்கரன்கோவிலில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அப்பாவின் பிடிவாதம்தான் காரணம் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அம்மா தன் கடைசிக் காலத்தில்தான் வேறு விதமாகச் சொன்னாள். அத்தை என்னிடம் கேட்ட அன்று காலையிலேயே அப்பாவுக்கு மனசு இளகிவிட்டதாம். வயர் மாற்றிய அந்த இரண்டு நாளும் அந்த மனிதர் தலைநிமிராமல் வேலைசெய்ததைப் பார்த்திருக்கிறார். "ஒனக்கு அவர் மேல நம்பிக்கை இருந்தாச் சொல்லு தாயீ, நாளைக்கே தட்டு மாத்திருவோம்" என்று முடிவை அத்தையிடமே விட்டுவிட்டாராம்.

யோசித்துச் சாயங்காலம் சொல்வதாக அவள் சொல்லியிருக்கிறாள். என்னைத் தவிர அவள் வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.