ஞாயிற்றுக்கிழமைப் போர்வை

மைனிர் பியூ வீடு வீடாகப் போய் முடி வெட்டுகிறவள். வேல்ஸ் நாட்டில் ட்ரெகாரன் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மலைப் பண்ணைகளில் நாய்கள் குரைக்காமல் உள்ளே விடுகிற ஒரே ஆள் அவள்தான் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கென்று உலகத்தில் இரண்டு பேர். ஒன்று, தாரன் என்கிற கிழட்டு வெல்ஷ் குதிரை. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து கூடவே வந்த நெஸ்டா.

நெஸ்டாவுக்கும் ஒரு குதிரை உண்டு. மெலன் என்று பெயர், இளம் பெண்குதிரை. இரண்டும் ஒரே மேய்ச்சல் நிலத்தில்தான் கிடந்தன. கொட்டில் கிடையாது. பனியோ மழையோ வேலிப் புதரின் மறைவுதான்.

தாரனுக்கு மைனிர் பல வருஷம் குளிர்ப் போர்வையே போட்டதில்லை. அந்த மலையில் பிறந்தவன், குளிர் வரும் முன்பே கரடி மாதிரி முடி வளர்த்துக்கொள்வான். அதன்மேல் கனத்த போர்வையைப் போட்டால் முடி அமுங்கிப்போகும், உள்ளே வேர்க்கும், அந்த ஈரமே அவனை நடுங்க வைக்கும். ஆனால் வயது இருபதைத் தாண்டிய பிறகு பல் தேய்ந்தது, முதுகு குழி விழுந்தது. அந்த வருஷம் இலை உதிரும்போதே தீர்மானித்துவிட்டாள், இனி ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

தீவனக் கடைக்கு நெஸ்டாவையும் அழைத்துப் போனாள். தாரனின் மார்பிலிருந்து வால் வரைக்கும் அளந்த கயிறு கையில் இருந்தது. ஒவ்வொரு போர்வையாக விரித்துப் பார்த்தாள். முதுகு மேட்டை அழுத்துகிறதா, தோளைத் தேய்க்கிறதா, கழுத்தோரம் தண்ணீர் இறங்குமா என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கினாள்.

"மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கிற மாதிரில்ல எடுக்கிறே" என்றாள் நெஸ்டா.

"மாப்பிள்ளைன்னா பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லுவான். இவன் சொல்ல மாட்டானே."

கடைசியில் கருநீலத்தில் ஒன்று அமைந்தது. ரொம்பக் கனமில்லை, ரொம்ப லேசுமில்லை; மழை இறங்காத துணி. நெஸ்டாவும் தடவிப் பார்த்து, "எனக்கே போர்த்திக்கிட்டுப் படுக்கலாம் போல இருக்கு" என்றாள்.

அதற்கடுத்த மாதம் ஒரு பண்ணை வீட்டு வாசற்படியில் உறைந்திருந்த தண்ணீரில் கால் வைத்தாள் மைனிர். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அது முடிந்து, தொலைவில் கார்டிஃப் நகரத்தில் தங்கை வீடு. நெஸ்டா ஆஸ்பத்திரிக்குக் கேக்கும் கையுமாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். தாரனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"அடிக்கடி போர்வையைக் கழட்டிப் பாருடி. கையை உள்ள விட்டு விலாவைத் தடவு. அதைப் போட்டுட்டா உடம்பு எளைக்கிறது வெளியில தெரியவே தெரியாது" என்றாள் மைனிர்.

"எனக்கும் குதிரை இருக்குடி. நீ முதல்ல உன் இடுப்பைத் தேத்து. வாராவாரம் படம் அனுப்பறேன்."

சொன்னபடி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நெஸ்டாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கருநீலப் போர்வைக்குள் தாரன் கொழுகொழுவென்று நின்றான். மைனிர் அதைத் தங்கையிடம் காட்டுவாள், அக்கம்பக்கத்தாரிடம் காட்டுவாள். "நெஸ்டா இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று சொல்லாத நாளில்லை.

கைத்தடியோடு நடக்க முடிந்ததும் அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. தங்கை புருஷன் காரில் கொண்டுவந்து விட்டான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மேய்ச்சல் நிலத்துக்கு விடச் சொன்னாள். வரப்போவதை நெஸ்டாவிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்தாள்.

வேலிக் கதவுப் பக்கம் போனதும் கருநீலம் கண்ணில் பட்டது. "தாரன்" என்று கூப்பிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தது மெலன்.

தாரன் வேலியோரம் தனியாக நின்றான். அவன் மேல் கிடந்தது நெஸ்டாவின் பழைய பச்சைப் போர்வை. கல்லாய்க் கனப்பது, இரண்டு இடத்தில் கிழிந்து, மழையெல்லாம் குடித்து ஊறிப்போனது. மைனிர் சேற்றில் தடியை ஊன்றி ஊன்றிப் போனாள். பட்டைகளை அவிழ்த்து இழுத்தபோது அது பொத்தென்று விழுந்தது. உள்ளிருந்து அழுகல் வாடை வந்தது. முதுகில் முடி கொத்துக் கொத்தாய்ப் பொருக்கோடு கழன்றது. தோள் இரண்டும் தேய்ந்து புண்ணாகியிருந்தன. விலா எலும்புகளைத் தொடாமலே எண்ணலாம்.

அவள் தன் கோட்டைக் கழற்றி அவன் முதுகில் போட்டாள். பாதி முதுகுக்குக்கூட அது போதவில்லை.

அடுத்த நிலத்துக்காரர் எம்ரிஸ் அவளைக் கண்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வந்துட்டியா பொண்ணே. இடுப்பு தேவலையா?" என்றவர், குதிரையைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "இவ்வளவு மோசம்னு தெரியாதே. மேல துணி கிடந்ததால நானும் கவனிக்கலை."

"இந்தப் போர்வை எப்பலேர்ந்து கெடக்கு?"

"எப்பவும் அதுதானே. ஞாயித்துக்கிழமை மட்டும் நெஸ்டா வந்து நீலத்தை இவனுக்குப் போடுவா. ஒரு படம் எடுத்துக்கிட்டு, திரும்பக் கழட்டி அந்தக் குட்டிக்கே போட்டுருவா. ஏதோ ஃபேஷன் போலன்னு நெனச்சேன்."

மைனிர் கீழே கிடந்த பச்சைப் போர்வையைத் தடியால் தள்ளி விலக்கினாள். எம்ரிஸ் கால்நடை டாக்டருக்குப் போன் செய்யப் போனார்.

டாக்டருக்கு முன்னால் நெஸ்டா வந்துவிட்டாள், தீவன வாளியோடு. மைனிரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா போர்வையை மாத்திப் போட்டிருப்பே."

நெஸ்டா மெலன் பக்கம் கையைக் காட்டினாள். "மெலனைக் கண்காட்சிக்குன்னு முடி மழிச்சிட்டேன்டி. அவளால குளிர் தாங்க முடியலை. என்னோடது கிழிஞ்சுபோச்சு. இவனுக்குத்தான் முடி இருக்கே? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே, இவனுக்குப் போர்வையே வேண்டாம்னு."

"வேண்டாம்னா ஒண்ணும் போடாம விட்டிருக்கணும். இந்த ஊறல் மூட்டையை ஏன் போட்டே?"

"வெறும் உடம்போட நின்னா பார்க்கிறவங்க உன்கிட்ட சொல்லிடுவாங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள். "நீ அங்க படுத்துக் கிடந்தே. கவலைப்பட வேண்டாம்னுதான் படம் அனுப்பினேன்."

மைனிர் அவளையே பார்த்தாள். "படம் எடுக்க இதைக் கழட்டினேல்ல. அப்போ வாராவாரம் அவன் உடம்பை உன் கண்ணால பார்த்திருக்கே."

நெஸ்டா தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன் என்று மைனிர் பிற்பாடு தங்கையிடம் சொன்னாள். அந்தப் புண்ணின் மேலேயே புதுப் போர்வையைப் போட்டு மூடி, அவனை நேராக நிறுத்திப் படம் பிடித்த கையைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தாரன் பிழைத்தான். டாக்டர் கொடுத்த மருந்துத் தண்ணீரால் கழுவிக் கழுவி, ஊறவைத்த தீவனம் கொடுத்து, கோடைக்குள் உடம்பு தேறிவிட்டது. எம்ரிஸ் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். புண் இருந்த இடங்களில் மட்டும் முடி வெள்ளையாக முளைத்தது. நெஸ்டா கருநீலப் போர்வையைத் துவைத்து எம்ரிஸிடம் கொடுத்தனுப்பினாள். மைனிர் அதைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷமும் மைனிரைத் தவிர வேறு யாரும் வெட்டாத தன் முடியை நெஸ்டா பக்கத்து ஊரான லாம்பெட்டருக்குப் போய் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். ஊரில் இரண்டு பேரிடமும் யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுபடி இலை உதிர்ந்தபோது மைனிர் தீவனக் கடைக்குப் போனாள். போர்வைகள் தொங்குகிற மூலையில் நெஸ்டா நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

நெஸ்டாதான் முதலில் பேசினாள், போர்வையைப் பார்த்தபடியே. "இந்த வருஷமும் மெலனுக்கு மழிக்க வேண்டியிருக்கு. இதுல எது எடுக்கலாம்?"

மைனிர் அவள் கையிலிருந்ததை வாங்கித் தோள்பக்கத் தையலை விரலால் நீவினாள். "இது தேய்க்கும். கழுத்து மூடினதா எடு. கனமா ஒண்ணு, லேசா ஒண்ணு. ஒண்ணு நனைஞ்சா காயவிட்டு மத்ததைப் போடு."

"கோபம் ஆறிடுச்சாடி?"

"குதிரைக்காகச் சொன்னேன் நெஸ்டா. உனக்காக இல்ல."

தாரனுக்கு வேண்டியதைத் தேட அவள் அடுத்த வரிசைக்குப் போனாள். அளவுக் கயிறு கோட்டுப் பையில் இருந்தது. ஒவ்வொன்றாக விரித்து, தனியாகவே அளந்தாள்.