யாரும் வாந்தி எடுக்காத வண்டி

கல்லாறில் நான் கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம் என் வியாபாரத்தைக் கெடுத்தவன் ஞானசிகாமணி. செத்துப்போனவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது அவன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். சிரிப்பான். அதுதான் இன்னும் எரியும்.

விஷயம் இதுதான். பொன்முடி மலைக்குப் போகிற பஸ் என் கடை வாசலில் நிற்கும். அதற்கு மேலே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. மேலே போகிறவனுக்குப் பயம், கீழே வருகிறவனுக்கு வாந்தி. இரண்டுக்கும் மருந்து எலுமிச்சம்பழம். மோந்து பார்க்க ஒன்று, உப்புப் போட்டுக் குடிக்க ஒன்று. டீக்கடை எவன் வேண்டுமானாலும் போடுவான். வாந்தி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கடை போட யோசனை வேண்டும். நான் அஞ்சாம் கிளாஸ்தான், ஆனால் அந்த யோசனை எனக்கு இருந்தது.

ரதீஷ் என்று ஒரு டிரைவர் இருந்தான். தங்கமான பயல். அவன் வண்டி கீழே வந்து நின்றால் ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே தொங்கும். இறங்குகிறவர்கள் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். ஞானசிகாமணி ஓட்டுகிற வண்டியிலிருந்து இறங்குகிறவர்களோ சோம்பல் முறிப்பார்கள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். மேலே தேயிலை எஸ்டேட்டில் ஏறும்போது வாயில் போட்ட வெற்றிலையை ஒருத்தி என் கடை முன்னால் வந்து நிதானமாகத் துப்புவாள். என் கூடையில் பழம் காய்ந்து கோலிக்குண்டு மாதிரி கிடக்கும்.

அவன் பாறசாலைப் பக்கத்துக்காரன். தமிழ் பேசுகிற குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பஸ் வேலை கிடைத்து விதுராவுக்கு வந்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டான். குட்டையான ஆள். மேல் பாக்கெட்டில் ஒரு மூக்குப்பொடி டப்பி எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு ஹாரன், வளைவுக்குள் ஒன்று. எதிரே வண்டி வந்தாலும் சரி, மாடு வந்தாலும் சரி, ஒன்றுமே வராவிட்டாலும் சரி. எஸ்டேட் கடைக்கு முட்டை அவன் வண்டியில்தான் ஏறும். மேலே பெண் பார்க்கப் போகிறவர்கள் அவன் டியூட்டி எப்போது என்று என்னிடமே வந்து விசாரிப்பார்கள். பட்டுச்சேலையில் வாந்தி படக்கூடாதே.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது.

"வாந்தி வயித்துல இருந்து வரல்ல பெருமாளே. டிரைவருக்க கையில இருந்து வரதாக்கும்."

என் பெயர் பகவதிப்பெருமாள். அவன் அதில் பாதியைத்தான் கூப்பிடுவான்.

"அப்போ எனக்க கடை என்ன ஆகும்?" என்றேன்.

"ரதீஷுக்கு ஒரு மாலை வாங்கிப் போடும். ஒமக்குச் சோறு போடுகது அவனாக்கும்."

இன்னொரு குணமும் உண்டு. அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் அவனால் உட்கார முடியாது. வேறு வழியில்லாமல் ஏறினால் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை மிதிப்பான். அங்கே பிரேக் எதுவும் கிடையாது, வெறும் தகரம். "அண்ணன் மிதிக்கிற மிதியில தகரம் பொத்துப் போகும்" என்று ரதீஷ் ஒருநாள் கத்தினான். "நான் மிதிச்சதுனாலயாக்கும் நீ இப்பம் ரோட்டுல நிக்குக" என்றான் இவன்.

ஒரே மகன், ஷாஜி. பள்ளிக்கூடம் லீவு என்றால் பஸ்ஸின் என்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து அப்பனோடு மலை ஏறி இறங்கியவன். அவன் ஹெவி லைசென்ஸ் எடுத்துத் தன் சீட்டில் உட்கார வேண்டும் என்று ஞானசிகாமணிக்கு ஆசை. ஷாஜி எந்த லைசென்ஸும் எடுக்கவில்லை. சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் போவான். அப்பன் ரிட்டயர் ஆனபிறகு, இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன், நகரத்துக்கு வெளியே புதிதாகத் திறந்த ஒரு அம்யூஸ்மென்ட் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தான். ரோலர் கோஸ்டர் இயக்குகிற வேலை. முதல் லீவில் வந்தபோது என் கடையில்தான் அப்பனும் மகனும் டீ குடித்தார்கள்.

"வண்டியில எத்தன ஆளு ஏறும்?" என்று கேட்டான் ஞானசிகாமணி.

"இருபத்திநாலு அப்பா."

"ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"

"ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் மாதிரி. நான் வெளிய கூண்டுல இருந்து பட்டன் அமுக்குவேன்."

"பின்ன ஓட்டுகது ஆரு?"

"ஆரும் இல்ல. தானே போகும்."

"பிரேக்கு?"

"தானே பிடிக்கும்."

ஞானசிகாமணி டீயைக் கீழே வைத்தான். "வளைவு உண்டா?"

"வளைவு என்ன, தலைகீழாவே போகும். அடிபொளி சாதனம் அப்பா."

"ஆளுவ வாந்தி எடுக்குமே?"

"அதிகம் ஒண்ணும் இல்ல. சிரிச்சிட்டு இறங்குவாங்க."

அவ்வளவுதான். டிரைவர் இல்லாத வண்டி, தலைகீழாகப் போகிற வண்டி, வாந்தி இல்லை. இது உண்மை என்றால் முப்பது வருஷம் இவன் மலையில் செய்தது என்ன? ஆகவே அது உண்மையாக இருக்க முடியாது. "தகப்பன்கிட்டயே பொய் சொல்லுகான்" என்று எழுந்து போனவன், அதற்கப்புறம் ஷாஜியோடு பேசவே இல்லை. ஷாஜி வீட்டுக்கு வந்தால் இவன் கொல்லைப்பக்கம் போய் வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. அதற்குள் ஷாஜிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். தாத்தா பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். "பொய்யன் கூட சர்ச் அல்த்தார் முன்ன நான் நிக்க மாட்டேன்" என்று இவன் சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி சரோஜம் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணே, மருமவ லிபி அழுகா. வார ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். நீங்க இவரை ஒருதடவ அங்க கூட்டிட்டுப் போங்க. கண்ணால கண்டா நம்புவாரு."

"அவன் எனக்க யாவாரத்தைக் கெடுத்தவனாக்கும்" என்றேன்.

"அதுனாலதான் உங்ககிட்ட வந்தேன். உங்க பேச்சு மட்டும்தான் அவருக்கு ரசிக்கும்."

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குக் கிளம்பினேன். சும்மா போவானேன் என்று ஒரு பை நிறைய எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டேன். தலைகீழாகப் போகிற வண்டி இருக்கிற இடத்தில் எலுமிச்சம்பழத்துக்கு வேலை இல்லாமல் போகுமா?

கேட்டில் காவல்காரன் பையைத் திறந்தான்.

"இது எந்தா சேட்டா?"

"நாரங்கா" என்றேன், எலுமிச்சம்பழத்துக்கு அவன் பாஷையில் உள்ள பெயர்.

"ஆகாரம் உள்ளே பற்றில்ல."

"ஆகாரம் இல்ல, மருந்து. இந்த ஆளுக்கு."

காவல்காரன் ஞானசிகாமணியைப் பார்த்தான். அவன் பஸ்ஸில் நின்று வந்த களைப்பில், மிதித்து மிதித்து வலது கால் வீங்கி, உண்மையிலேயே நோயாளி மாதிரித்தான் இருந்தான். விட்டுவிட்டான்.

மூன்று ரோலர் கோஸ்டர் இருந்தன. முதலாவது பச்சைப் புழு மாதிரி, பிள்ளைகளுக்கானது. ஞானசிகாமணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பக்கத்தில் நான். முழங்கால் இரண்டும் தாடையில் இடித்தன. வண்டி கிளம்பி முதல் வளைவு வந்ததும் இவன் வாயால் "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தான். வளைவுக்குள் போனதும் இன்னொரு "பாம்." பின்னாலிருந்த பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த வளைவில் வண்டி முழுக்க "பாம், பாம்."

இறங்கியதும் தீர்ப்புச் சொன்னான். "இவன் லேர்னர். பயந்து பயந்து ஓட்டுகான். ரெண்டாம் கியர விட்டு மாத்தவே இல்ல. ஆனா ஒழுக்கம் உண்டு."

"எவன்?"

"ஓட்டுகவன்."

"ஆளே இல்லன்னு உமக்க மவன் சொன்னானே."

"அதையாக்கும் பாக்க வந்திருக்கேன்."

இரண்டாவது, சுரங்கத்துக்குள் போகிற மாதிரிப் பாறை, இருட்டு எல்லாம் வைத்த வண்டி. அது ஆளைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி அடித்தது. எனக்குக் காலையில் தின்ற புட்டு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. இவன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தான். "லே, உள்ள வந்தப்புறமாடா பிரேக் பிடிப்பா? எவன்டா ஒனக்கு வண்டி தந்தான்?"

வெளியே வந்து நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். என் பையிலிருந்து முதல் பழம் எனக்கே செலவானது. பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் என்னைவிட மோசமாக இருந்தார்கள், அவர்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ஞானசிகாமணிக்கு ஒரே சந்தோஷம்.

"லாரிக்காரன்" என்றான். "முன்ன செங்கல் லோடு அடிச்சவன். பின்னால இருக்கது ஆளுன்னு அவனுக்கு மனசுல இல்ல. கையாக்கும் பெருமாளே, எல்லாம் கை."

மூன்றாவதுதான் ஷாஜியின் வண்டி. கம்பீரமாக நின்றது. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதில்தான் தலைகீழ். ஷாஜி எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்து ஓடிவந்தான். அப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

"மாமா, தோள் கம்பியை நல்லா இழுத்துக்கச் சொல்லுங்க."

"கம்பி போடத் தெரியும்னு சொல்லும்."

"மாமா, பாக்கெட்டுல இருக்கத எடுத்து வைக்கச் சொல்லுங்க. பொடி டப்பி விழுந்திரும்."

"டிரைவர் நல்லவன்னா விழாதுன்னு சொல்லும். டிரைவர் எங்கன்னும் கேளும்."

"டிரைவர் இல்லன்னு சொல்லுங்க மாமா."

"ரெண்டு பேருக்கும் காது உண்டு, நான் போய்ச் சோடா குடிக்கேன்" என்றேன். அதற்குள் கம்பி என் தோளில் விழுந்துவிட்டது.

அந்த வண்டி போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. ஏறியது, ஒரு கணம் நின்றது, விழுந்தது, வானம் காலுக்குக் கீழே வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கவில்லை. ஒரு கை என்னைத் தூக்கி, திருப்பி, பழைய இடத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஞானசிகாமணி ஹாரன் அடிக்கவில்லை, திட்டவில்லை. இறங்கியதும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். பொடி டப்பி அங்கேயே இருந்தது. திறந்தான். பொடி சிந்தவில்லை.

"இவனாக்கும் டிரைவர்" என்றான். "எனக்கு அவனைப் பாக்கணும். ஒரு கை குடுக்கணும்."

வேலியை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். தூணுக்குத் தூண் அண்ணாந்து பார்த்தான். ஒரு தகரக் கொட்டகையில் கிரீஸ் கையோடு பரோட்டா தின்றுகொண்டிருந்த மெக்கானிக்கிடம் "ஓட்டுகது நீரா?" என்று கேட்டான். அவன் பரோட்டாவை மறைத்துக்கொண்டான். நான் இதற்கிடையில் வண்டியின் வெளிவாசலில் பையோடு நின்று பார்த்தேன். ஒருத்தருக்கும் பழம் வேண்டாம். சிரித்துக்கொண்டு இறங்கி, மறுபடி வரிசையில் போய் நின்றார்கள். அப்பன் மலையில் கெடுத்தான், மகன் கீழே வந்து கெடுத்தான்.

அப்போது ஞானசிகாமணி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டான். ஷாஜியின் கூண்டுக்குப் பின்னால் நின்றிருந்தான். காற்றுக்காகப் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஷாஜி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடுகிற வண்டியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் போடாதயும். காலைப் பாரும்."

பார்த்தேன். மேலே வண்டி வளைவுக்கு வரும்போதெல்லாம் ஷாஜியின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. வளைவு முடிந்ததும் மெல்ல விட்டது. அடுத்த வளைவு, அடுத்த மிதி. காலுக்குக் கீழே ஒரு ரப்பர் பாய்.

"பாயைப் போட்டு மறைச்சிருக்கான்" என்றான் ஞானசிகாமணி காதோரமாக. "பிரேக் அடியில இருக்கு. கம்பெனி ரகசியமாக்கும். அதான் தகப்பன்கிட்டகூடச் சொல்லல்ல. சொல்லவும் கூடாது. நல்ல பயல்."

அந்தப் பாயை நான் ஒரு விரலால் தூக்கிக் காட்டியிருக்கலாம். தூக்கவில்லை. எதற்குத் தூக்க வேண்டும்?

அவன் கூண்டுக்குள் போனான். "லே ஷாஜி."

ஷாஜி திடுக்கிட்டுத் திரும்பினான். அப்பன் அவன் பெயரைச் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கடைசி வளைவுக்கு நீ கொஞ்சம் லேட்டா மிதிக்குக. வண்டி உள்ள வரதுக்கு முன்னயே மிதி."

ஷாஜி தன் காலைக் குனிந்து பார்த்தான். அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது போல. பிறகு என்னைப் பார்த்தான். நான் பையிலிருந்த பழங்களைப் பார்த்தேன்.

"சரி அப்பா" என்றான்.

"ஹாரன் ஒண்ணு வைக்கச் சொல்லு. பாக்கி எல்லாம் சரியாக்கும்."

மறுநாள் சர்ச்சில் பிள்ளையை ஏந்திக்கொண்டு அவன் நின்ற நிற்பை நான் பார்த்தேன். பெயர் ரெனி என்று வைத்தார்கள். பாதிரி ஐயர் தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்கியபோது இவன் வலது கால் தரையை மிதித்தது.

அதற்கப்புறம் டிப்போவில், சர்ச்சில், என் கடை பெஞ்சில், எங்கே நாலு பேர் கிடைத்தாலும் அதே பேச்சுதான். "எனக்க மவன் தலைகீழா ஓட்டுவான், ஒரு ஆளு ஓங்கரிக்காது." அங்கே டிரைவரே கிடையாதாமே என்று யாராவது கேட்டால், என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். அந்த ரகசியத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டான்.

இரண்டாயிரத்து எட்டில் நெஞ்சில் நீர் கோத்து நகரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் போனபோது சரோஜத்தையும் லிபியையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"பெருமாளே, என்னை ஊருக்குப் படுக்க வச்சுதான் கொண்டுபோவானுவ. நெடுமங்காடு தாண்டினா வளைவாக்கும். படுத்துக் கிடந்தா மிதிக்க முடியாது."

"சும்மா கிடையும் ஓய்."

"ஆம்புலன்ஸை ஷாஜி ஓட்டணும். நீரு பாத்துக்கிடணும்."

"அவனுக்கு லைசென்ஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"தலைகீழா ஓட்டுகவனுக்கு என்ன லைசென்ஸ்? ஒருவேள கம்பெனி லீவு குடுக்கல்ல, வேற எவனாவது ஓட்டுகான்னு வையும். அப்பம் நீரு முன்னால உக்காரும். வளைவுக்கு முன்ன ரெண்டு ஹாரன், உள்ள ஒண்ணு. அவன் அடிக்கல்லன்னா நீரு வாயால அடியும். பின்னே, எனக்க மேல் பாக்கெட்டுல ஒரு நாரங்கா வச்சிரும். உமக்க கடையில உள்ளது போதும். காஞ்சது வேண்டாம், கேட்டீரா, நல்லதா ஒண்ணு பாத்து வையும்."