கெட்டிமேளம் இல்லாத கல்யாண வீடியோ

பாஸ்போர்ட் போட்டோ எடுக்க இன்று கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

தியாகதுருகத்திலிருந்து வந்த ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “என் கல்யாண கேசட்டுங்க. தாலி கட்டற எடத்துல மேளத்தயே காணோம், அருவி சத்தந்தான் கொட்டிக்கினு கீது. மேளத்த ஏத்திக் குடுங்க.”

ஸ்டுடியோக்கார அம்மா சொன்னார்: “கேசட்டு கெடலம்மா. எங்க வூட்டுக்காரரு வேணும்னேதான் அப்படி வெச்சாரு.”

அவர் இப்போது இல்லை. கரியாலூர் அருவியையும் கரும்பாலை இரைச்சலையும் இசையாக்கிக் குறும்படங்கள் எடுத்தாராம். பார்த்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்குவார்கள். பிழைப்புக்குக் கல்யாண வீடியோ. இறந்தபின் மேதையாகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை.

ஸ்டுடியோக்கார அம்மா கேசட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். திரையில் தாலி ஏறுகிறது. அருவிக்கு அடியில் ஒரு பெண்குரல்: “அழுவாத கண்ணு, மை கரையுது பாரு.”

“எங்கம்மா!” என்றார் அந்தப் பெண். “போன வருசம்தாங்க செத்துப்போச்சு.”

மணப்பெண் அறையில் முன்பே பதிந்துவைத்த குரலாம். அது கேட்கட்டும் என்றுதான் அவர் மேளத்தை எடுத்திருக்கிறார்.

அந்தப் பெண் கேசட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, “மேளம் வாணாங்க,” என்றார்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் எடுத்த எங்கள் கல்யாண கேசட்டும் ‘கெட்டுப்போய்’ப் பரணில்தான் கிடக்கிறது. யாரிடமாவது ஏணி இருந்தால் சொல்லுங்கள்.