ஒருவர் போதும் என்று எழுதிய அருள்நாயகம்

11.09.1989 — வேலையில் சேர்ந்த நாள். ஆண்டுச் சம்பளம் $24,180.
18.10.1995 — சுற்றறிக்கை வந்தது.
23.10.1995 — பதில் அனுப்பப்பட்டது. ஏழு பக்கம், பதினாறு விடயம்.
ஒஷாவா களஞ்சியம், ஆண்டு வாடகை — $28,080.
அந்த ஆண்டில் அங்கிருந்து எடுக்கப்பட்ட கோப்புகள் — 11.
ஒரு கோப்புக்கான செலவு — $2,552.73.
26.02.1996 — வேலைநிறுத்தம் தொடங்கியது.

இவ்வளவும் அருள்நாயகத்தின் கொப்பியில் இருந்தவை. மன்னார் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ரொறொன்ரோவுக்கு வந்து, மாகாண அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்பறைக்குப் பொறுப்பானவர். கச்சேரியில் அவருக்குப் பழக்கிவிட்டது இரண்டு காரியம். கடிதம் வந்தால் மேல் மூலையில் வந்த திகதியை எழுத வேண்டும். ஏழு நாளுக்குள் பதில் போட வேண்டும். கனடாவுக்கு வந்த பிறகும் இரண்டையும் அவர் விடவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆனியில் புதிய அரசாங்கம் வந்தது. வரியைக் குறைப்போம், அரசாங்கத்தை மெலிய வைப்போம் என்று சொல்லி வந்தவர்கள். ஐப்பசியில் ஊழியர் எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை: பொதுப்பணம் எங்கே வீணாகிறது? தெரிந்தவர்கள் பெயர் போடாமல் எழுதலாம்.

ஒருவரும் பதில் எழுதக்கூடாது என்று தொழிற்சங்கம் அன்று மாலையே சாப்பாட்டறைப் பலகையில் அறிவித்தல் ஒட்டியது. அருள்நாயகம் சாப்பாட்டறைக்குப் போவதில்லை. மனைவி றோஸ்மேரி கட்டிக் கொடுக்கும் சோற்றைக் கோப்பறையிலேயே சாப்பிடுவார். ஐந்தாம் நாள் பதிலை அனுப்பிவிட்டார்.

பழைய கோப்புகள் கிடக்கும் ஒஷாவா களஞ்சியத்தின் வாடகை முதலாவது விடயம். வருடத்தில் ஒன்பது நாள் மட்டும் ஓடிய இரண்டாவது போட்டோக்கொப்பி இயந்திரம் நாலாவது. பதினாறாவது அவருடைய அறையைப் பற்றியது. உள்ளே வரும் கோப்புகளை அங்கே கூட வேலை செய்யும் புனிதவதி கணினியில் பதிகிறாள். அதையே அருள்நாயகம் பெரிய பேரேட்டில் மறுபடி எழுதுகிறார். 'இவ்வேலைக்கு ஒருவர் போதும்' என்று எழுதி அடியில் கோடும் போட்டார். கச்சேரியில் அப்படி எழுதினால் மேலதிகாரி பாராட்டுவார். மிஞ்சிய ஆளை வேறு பகுதிக்கு மாற்றுவார்கள். தன்னையும் அப்படி எங்காவது மாற்றுவார்கள் என்றுதான் நினைத்தார். வேலையே இல்லாமல் போகும் என்பது அவருடைய புத்தியில் படவில்லை.

ஆட்குறைப்பை எதிர்த்துச் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் இரண்டாவது கிழமை அது பட்டது.

அலுவலக வாசலில் பனி சப்பாத்து மூழ்கக் கிடந்தது. கோரிக்கை எழுதிய மட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரும் வட்டமாக நடந்தார்கள். சங்கப் பிரதிநிதி வின்சன்ற், முப்பது வயதுப் பெடியன், கையால் எழுதிய கடதாசிகளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அங்கிள், உதைப் பாருங்கோ. மனேச்மென்ற் மேசையிலை கிடந்ததாம். எங்கடை ஆளொண்டுதான் எழுதிக் குடுத்திருக்கு."

"என்ன அது?"

"எங்கை எங்கை காசு வீணாப்போகுதெண்டு லிஸ்ற். ஒரு ஃபைலுக்கு ரெண்டாயிரத்தி ஐந்நூற்றி அம்பத்திரண்டு டொலர் எழுபத்திமூண்டு சதமாம். சதத்தையும் விடேல்லை! உவனைப் பிடிச்சு வரவுசெலவுத் திட்டம் போட விட்டிருக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அருள்நாயகமும் சிரித்தார். பக்கத்தில் நின்ற புனிதவதி சிரிக்கவில்லை. அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து தன் சப்பாத்துப் பனியைத் தட்டினாள்.

"கடைசியிலை என்ன போட்டிருக்குத் தெரியுமே? ஃபைல் ரூமுக்கு ஒராள் காணுமாம்," என்றான் வின்சன்ற். "உங்கடை ரூம்தான் அங்கிள். ஆனா நீங்கள் பயப்பிடாதேங்கோ. சீனியோரிற்றி இருக்கு. எண்பத்தொன்பதிலை வந்த ஆளை அசைக்கேலாது."

"அப்ப ஆரை அசைப்பினம்?"

வின்சன்ற் கடதாசிகளை மடித்தான். புனிதவதிதான் சொன்னாள்.

"நான் தொண்ணூற்றிரண்டு, அண்ணை."

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மார்க்கம் நகரில் கணவன் வேலை செய்த தொழிற்சாலை தைமாதம் மூடியிருந்தது. இதெல்லாம் அருள்நாயகத்துக்கு நன்றாகத் தெரியும். சங்கத்தின் விதியும் தெரியும். எந்தக் கதிரையை எடுத்தாலும் விழப்போவது பிந்தி வந்த ஆள்தான். தான் கோடு போட்டது தன்னுடைய கதிரைக்குக் கீழே, உடையப்போவது அவளுடையது.

அன்றிலிருந்து அவருக்கு மற்றவர்களின் வாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு பேர் குனிந்து கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. நெருப்புத் தகரத்தைச் சுற்றி எல்லோரும் கை காய்ச்சும்போது அவர் தள்ளி நின்றார். தன் கையெழுத்தை யாரும் கண்டுவிடக் கூடாதென்று, வருகைத் தாளில் பெயரைக் கிறுக்கலாக எழுதினார். புனிதவதி மட்டும் வழக்கம்போல் தேத்தண்ணிப் போத்தலின் மூடியில் ஊற்றி நீட்டினாள். அது எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது. தெரிந்துகொண்டு ஊற்றுகிறாளா, தெரியாமல் ஊற்றுகிறாளா?

ஐந்து கிழமையில் வேலைநிறுத்தம் முடிந்தது. உள்ளே போனால் கோப்பறை அப்படியே இருந்தது. ஒஷாவா களஞ்சியத்துக்கு ஒப்பந்தம் தொண்ணூற்றொன்பது வரை. இடையில் முறித்தால் நட்டஈடு கட்ட வேண்டுமாம். போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கும் அதே கதை. பதினாறு விடயத்தில் பதினைந்தை ஒருவரும் தொடவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் தூக்கக்கூடியது மனிதர் மட்டும்தான். சித்திரை இருபத்துமூன்றாம் திகதி புனிதவதியின் மேசையில் வெள்ளை உறை ஒன்று கிடந்தது.

அவள் வாசித்தாள், மடித்தாள், கைப்பைக்குள் வைத்தாள். பிறகு கணினியில் அடுத்த கோப்பைப் பதியத் தொடங்கினாள்.

மத்தியானம் அருள்நாயகம் முதன்முதலாகச் சாப்பாட்டறைக்குப் போய் வின்சன்ற்றைத் தேடினார்.

"தம்பி, பழைய ஆள் தானா விலகினால், புது ஆள் இருக்கலாமோ?"

"மனேச்மென்ற் ஓமெண்டால் இருக்கலாம். ஆனா ஆர் அங்கிள் உந்த விசர் வேலை செய்யிறது?"

வீட்டில் றோஸ்மேரியும் அதைத்தான் கேட்டாள். அவளுக்குச் சீனி வருத்தம். ஊசி மருந்து அலுவலகக் காப்புறுதியில்தான் வந்துகொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு அம்பத்தேழு வயசு. உந்த வயசிலை ஆர் வேலை தரப்போறான்? விலகினால் தாறது வருசத்துக்கு ஒரு கிழமைச் சம்பளம் எண்டால் ஆறு கிழமை. ஏழாவது கிழமை என்ன செய்யிறது?"

"தெரியாது."

"தெரியாதெண்டு நீங்கள் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"நான்தான் எழுதினனான், றோஸ்மேரி. ஒராள் காணுமெண்டு."

அவள் அழுதாள் என்று சொல்ல முடியாது. கடிதத்தாளை எடுத்து வந்து மேசையில் போட்டுவிட்டு, "கேட்டு எழுதுங்கோ. மருந்துக் காப்புறுதி எத்தினை மாசத்துக்கு எண்டும் கேளுங்கோ," என்றாள்.

அடுத்த நாள், தான் விலகுகிறேன், புனிதவதி இருக்கட்டும் என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, அந்த லிஸ்ற்..."

"சதக்கணக்குக் கேட்ட உடனையே தெரியும் அண்ணை," என்றாள் திரையைப் பார்த்தபடி. "இந்தக் கட்டிடத்திலை வேறை ஆர் சதம் எழுதுறது? அண்டைக்கே உங்களைக் காட்டிக் குடுத்திருப்பன். ஆனா பிள்ளையளின்ரை முகம் முன்னுக்கு வந்தது, கோவம் கோவமா வந்தது. வாயைத் திறந்தால் என்னத்தைச் சொல்லுவனோ எண்டு பயமாக் கிடந்தது."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏழு நாள் கழிந்தது. பதில் இல்லை. பதினான்கு, இருபத்தொன்று, அதுவும் கழிந்தது. மறுத்துவிட்டால் புனிதவதி போக வேண்டும். ஏற்றால் றோஸ்மேரியின் மருந்து போகும். காலையில் வீட்டு அடுக்குமாடியின் மின்தூக்கிக்கு முன்னால் இருக்கும் தபால்பெட்டியைத் திறக்கும்போது எதை வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. செபமாலையைச் சட்டைப்பைக்குள் பிடித்துக்கொண்டு, ஒன்றும் வேண்டாமலே திறந்தார்.

உறை வந்தபோது றோஸ்மேரிதான் கிழித்தாள். அவருடைய கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடைசி வேலைநாள் ஆனி இருபத்தெட்டு. புனிதவதியின் அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. மருந்துக் காப்புறுதி மூன்று மாதம் நீடிக்கும். இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு அவள் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். அவர் பேனையைத் திறந்து மேல் மூலையில் எழுதினார்: 12.06.1996, புதன்கிழமை.