சாக்குக்கட்டு

என் குறிப்பேட்டில் 1959, ஓணம் கழிந்த வெள்ளிக்கிழமை என்றிருக்கிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் சுக்குக் கிடங்கு ஜும்மா தொழுகைக்காகப் பூட்டியிருந்தது. ஞாயிறன்று எர்ணாகுளத்தில் எனக்கு முதல் கிரிக்கெட் ஆட்டம். அணித்தலைவர் பயிற்சிக்கென்று சங்கத்தின் ஒரே தோல் பந்தைக் கொடுத்திருந்தார். தொலைத்தால் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கிடங்கு முற்றம் காயலில் போய் முடியும். ஓங்கி அடித்தால் பந்து தண்ணீருக்குத்தான். ஆகவே வலைநூலில் ஒரு சிறு பை பின்னி, பந்தை அதிலிட்டு, மூட்டை தூக்கும் உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். பையைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியது காக்கா, என் அண்ணன். ஆறு வயது மூத்தவர். நான் ஆடப் போனால் என் வேலையும் அவருக்குத்தான்.

"காக்கா, கெட்டியா இருக்கா?"

"தினம் நூறு மூட்டை கட்டுற கையிடா இது. பேசாம அடி."

பதினோரு அடி தாங்கியது. பன்னிரண்டாவதில் பந்து பையோடு பறந்து காயலில் விழுந்தது. நீர் கடல் பக்கம் இறங்கும் நேரம். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் வெகுதூரம் போய்விட்டது.

சாயா கிளாசோடு நின்ற சுமைகூலிச் சேட்டன் சொன்னார்: "பந்து கப்பல் ஏறிப் போச்சு, தம்பி."

கயிற்று நுனி அறுந்திருக்கவில்லை; உருவியிருந்தது. காக்கா போட்டது சாக்குக்கட்டு. மூட்டை பிரிப்பவர் ஒரு நுனியை இழுத்ததும் முழுதும் அவிழ வேண்டும் என்றே போடுகிற கட்டு.

"இதைப் போயா போட்டீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது அதானே. ஞாயித்துக்கிழமை நேரத்தோட வா, சரக்கு ஏத்தணும்."

சனிக்கிழமை அணித்தலைவரிடம் சொன்னேன். பட்டியலை எடுத்து என் பெயரை அடித்தார்.

ஞாயிறு முழுவதும் சாக்கு கட்டினேன். மாலையில் படித்துறைக்கு இறங்கியபோது, காலையில் காக்கா கட்டிய வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. மரக்குற்றியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து விட்டிருந்தார். நீரோட்டம் இழுக்க இழுக்க அந்தக் கட்டு இறுகிக்கொண்டிருந்தது. பல வருடமாக அவர் தினமும் போடுகிற கட்டு. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"என்ன பாக்குறே?" என்றார் பின்னாலிருந்து.

"வள்ளம் அவுந்து போயிடுமான்னு பாத்தேன், காக்கா."

"அது போகாது" என்றார்.