வாசலில் கட்டிய நிலவு

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக என்செலடஸின் படத்தைப் பெரிய பிளெக்ஸாக அச்சடித்திருந்தேன். சனிக்கோளைச் சுற்றும் சிறிய நிலவு அது, மேலெல்லாம் பனிக்கட்டி. தென்முனையில் நீளநீளமாக வெடிப்புகள். உள்ளே கிடக்கும் கடலின் நீர் அவற்றின் வழியே பீறிட்டு, வெளியே வந்ததும் உறைந்துபோகும். விண்கலம் அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்த்து, வெடிப்புகள் தெரிவதற்காக நீலத்தைக் கூட்டியிருந்தார்கள்.

கண்காட்சி முடிந்ததும் எங்கள் பள்ளி வேன் ஓட்டுநர் வந்து கேட்டார். "டீச்சர், இது சும்மாதான கெடக்கு? வீட்டு வாசல்ல கட்டிக்கிடுதேன். வெயில் தாங்க முடியல."

கொடுத்துவிட்டேன்.

கோடை விடுமுறையில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். சேரன்மகாதேவிக்கு பஸ் ஏறினேன். வாய்க்காலை ஒட்டிய தெருவில் வீடு. வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அவர் கிடந்தார். அவருக்கு மேலே, கம்புகளில் இழுத்துக் கட்டி, படம் கீழே பார்த்தபடி என்செலடஸ். வெயில் ஊடுருவியதில், பள்ளிச் சுவரில் இருந்ததைவிட அது பளிச்சென்று தெரிந்தது. சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களின் முகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு அடியிலதான் கட்டில் போட்டுப் படுப்பாவ. காய்ச்சல் வந்ததுல இருந்து, மேல இருந்து குளிரு இறங்குதுன்னே சொன்னாவ. இந்த வெயில்ல ரெண்டு கம்பளி போத்திவிட்டேன் டீச்சர். அது எந்த ஊரு?"

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமைச் சாவு துணைக்கு ஆள் தேடும் என்று பயப்படுகிற தெரு. அந்தக் கோளின் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"ரொம்பத் தூரத்துல ஒரு நிலா," என்றேன்.

"அங்கன ஆளு உண்டா?"

"யாரும் போனதில்ல. கேமரா மட்டும்தான் போச்சு. அதுவும் இப்ப இல்ல, எரிஞ்சு போச்சு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "அப்ப ஒரு மனுசரும் நேர்ல பாக்காத எடத்தயா அவிய பாத்துக்கிட்டுக் கெடந்தாவ?"

அப்போது பெட்டியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பின் இன்னொன்று. முந்தின நாள் பெய்த மழை பிளெக்ஸின் தொய்வில் தேங்கி, மடிப்பில் கசிந்துகொண்டிருந்தது. மடிப்பு நீல வெடிப்பின் மேலேயே ஓடியது. மழைத்தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சேலைத் தலைப்பால் கண்ணாடியை அவசரமாகத் துடைத்தேன். விரல்கள் விறைத்துப்போயின.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது பிளெக்ஸைத் திருப்பிக் கட்டியிருந்தாள். படம் வானத்தைப் பார்த்தது.

"அவுத்துர வேண்டியதுதானே?" என்றேன்.

"அவிய கட்டினது. அவுக்க மனசு வரல."

உச்சி வெயில். பிளெக்ஸின் வெள்ளைப் பின்புறத்தின் வழியே வெடிப்புகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. அவற்றின் நிழல் தரையில் மங்கலாகக் கிடந்தது. அந்த நிழலில் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனேன். அவள் அதைப் பைய இழுத்து வெயிலில் போட்டாள்.

"நீங்க இங்கன உக்காருங்க டீச்சர்."

வெயிலில் உட்கார்ந்து காபி குடித்தேன்.